அப்பாவின் நோயில் முதலீடு செய்யலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பள்ளி ஆசிரியை, வயது 43, ஊர் திருநெல்வேலி. அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது 69. ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். சிண்டோபா மாத்திரை சாப்பிடுகிறார், போன வருடத்திலிருந்து பிரமிபெக்சோல் என்ற மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. பூர்வீக மனையை விற்றதில் என் பங்காக எட்டு லட்சம் வந்தது. இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிற கம்பெனிகளில் அதைப் போடலாமா? நாத்தனார் மகன் மூன்று அமெரிக்கக் கம்பெனிகளையும், சன் ஃபார்மா குழுமத்தின் ஆராய்ச்சிக் கம்பெனியையும் சொல்கிறான். மருந்து வந்தால் அப்பாவுக்கும் குணமாகும், பணமும் பெருகும் என்று நினைக்கிறேன். அப்பாவும் ரொம்ப உற்சாகமாக இருக்கிறார். முன்பெல்லாம் ஷேர் என்றாலே திட்டுவார். இப்போது ராத்திரி இரண்டு மணி வரை போனில் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பிறகு வருகிறேன். கேட்காமல் கடைசி வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, எனக்கு அதுதான் அவசரமாகப் படுகிறது.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் இருபது வருடமாக மற்றவர்களின் பணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில், ஷேரைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று விடிய விடிய விலை பார்க்கிறார் என்றால், எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்பேன். நீங்களே எழுதிவிட்டீர்கள். பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் செய்கிற வேலையைச் செய்பவை. நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் உதவும். கூடவே சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, அளவில்லாமல் சாப்பிடுவது போன்ற அடக்க முடியாத ஆசைகளையும் கிளப்பிவிடும். மருந்தோடு வரும் துண்டுச்சீட்டிலேயே இது அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 13.6% பேருக்கு இப்படி ஏதோ ஒன்று இருந்தது. இந்த வகை மாத்திரை சாப்பிடுபவர்களை மட்டும் எடுத்தால் 17%.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், வீட்டுக்குத் தெரியாமல், பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஆப்ஷன் வர்த்தகத்தில் பதினோரு மாதப் பென்ஷனை விட்டிருந்தார். பிள்ளைகள் அவரை வறுத்தெடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். மருந்தை மாற்றிய பிறகு அவருக்கே அந்த நாட்களை நினைத்தால் கூச்சமாக இருந்தது. உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மகள் ஆசையாகப் பேசுகிறாளே என்ற சந்தோஷமாக இருக்கலாம். இந்த நோயில் தூக்கம் கெடுவதும் சகஜம். ஆனால் அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது இந்த ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அதுவரை அவர் போனில் டீமேட் கணக்கோ யுபிஐயோ இருந்தால், சண்டை போடாமல், பணம் அனுப்பும் வரம்பைக் குறைத்து வையுங்கள்.

சரி, எட்டு லட்சத்துக்கு வருவோம்.

“அப்பாவுக்கும் குணமாகும், பணமும் பெருகும்” என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து தேறினால் அந்தக் கணக்கு சரி. தேறாவிட்டால்? அப்பாவுக்கு நல்ல மருந்து வராது, அதே வருடம் உங்கள் எட்டு லட்சமும் கரைந்திருக்கும். நோய் முற்றும்போதுதான் செலவு கூடும், ஆள் வைக்க வேண்டி வரும். அந்தச் சமயத்தில் கை காலியாக இருக்கும். இன்னொரு பக்கம், மருந்து தேறிவிட்டால் நீங்கள் பங்கு வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உங்கள் அப்பாவுக்குக் கிடைக்கும். பங்கு வாங்குவதால் மருந்து ஒரு நாள்கூட முன்னால் வராது. சந்தையில் நீங்கள் வாங்கும் பங்கை விற்பவர் இன்னொரு முதலீட்டாளர், உங்கள் காசு அவருக்குத்தான் போகிறது, ஆய்வகத்துக்குப் போவதில்லை. இந்த நோய் ஏற்கெனவே உங்கள் வீட்டு வரவு செலவில் உட்கார்ந்திருக்கிறது. அதே நோயின் மேல் இன்னொரு பந்தயமும் கட்ட வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்றாலும் இதையேதான் சொல்வேன்.

ஆனால் நீங்கள் ஆசிரியை. காரணம் சொல்லாமல் ‘வேண்டாம்’ என்றால் ஏற்க மாட்டீர்கள்.

பார்க்கின்சன் மருந்துக் கம்பெனிகள் இரண்டு வகை. ஒரு வகை, உங்கள் அப்பா சாப்பிடுகிற சிண்டோபாவில் இருக்கும் லெவோடோபா என்ற மருந்தையே வேறு வேறு விதமாகக் கொடுப்பவை: வாய் வழியாக மூச்சோடு உறிஞ்சுவது, தோலுக்கடியில் பம்ப் வைத்துச் செலுத்துவது, மெதுவாகக் கரையும் கேப்சூல். இன்னொரு வகை, நோயின் வேகத்தையே குறைக்க முயல்பவை. முதல் வகை மருந்துகளுக்கு அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் லெவோடோபா வேலை செய்யும் என்பது 1960-களிலேயே நிரூபணமான விஷயம். விற்பதுதான் கஷ்டம். சில ரூபாய் மாத்திரையில் காரியம் நடக்கும்போது, அதையே நூறு மடங்கு விலையில் கொடுத்தால் யார் எழுதித் தருவார், எந்த இன்சூரன்ஸ் பணம் தரும்? இரண்டாவது வகை மருந்து ஒன்று வந்தால் தானாக விற்கும். ஆனால் நோயின் போக்கை மாற்றும் மருந்து என்று ஒன்றுகூட இதுவரை தேறி வெளியே வரவில்லை.

முதல் வகைக்கு அமெரிக்காவின் அக்கோர்டா கம்பெனியின் கதையைச் சொல்லலாம். 2014-இல் 52.5 கோடி டாலர் கொடுத்து சிவிடாஸ் என்ற கம்பெனியை வாங்கினார்கள், அதனிடம் இருந்த உறிஞ்சும் லெவோடோபாவுக்காக. 2016-இல் பயோட்டி என்ற கம்பெனியை வாங்கினார்கள், டோசாடெனன்ட் என்ற பார்க்கின்சன் மருந்துக்காக. அடுத்த வருடமே சோதனையில் இருந்த சிலருக்கு வெள்ளணுக்கள் குறைந்து, உயிரிழப்பும் நேர்ந்ததால் டோசாடெனன்ட் கைவிடப்பட்டது. இதற்கிடையில் அந்தக் கம்பெனிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த வேறொரு நரம்பு நோய் மருந்தின் காப்புரிமையை நீதிமன்றம் செல்லாதென்று சொல்லிவிட்டது. 2018 டிசம்பரில் உறிஞ்சும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதாவது, பங்கு வாங்கியவர்கள் எதற்காகக் காத்திருந்தார்களோ அது நடந்தேவிட்டது! இருந்தும் விற்பனை சூடு பிடிக்கவில்லை. 2024 ஏப்ரலில் திவால் மனு. சொத்துகளை மெர்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் 18.5 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. மருந்து இன்றும் இருக்கிறது. பங்குதாரர்களுக்குத்தான் எதுவும் மிஞ்சவில்லை.

உங்கள் நாத்தனார் மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். “மருந்து தேறுமா” என்ற கேள்விக்கு அவன் சரியான பதிலே வைத்திருந்தாலும், அது பாதிக் கேள்விதான்.

இரண்டாவது வகையில் இருக்கும் கண்ணி வேறு. டாக்டர் உங்கள் அப்பாவைக் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தொட்டுத் தொட்டு எடுக்கச் சொல்வார் இல்லையா? எழுந்து நடக்கச் சொல்வார், பின்னாலிருந்து தோளை லேசாக இழுத்துப் பார்ப்பார். மருந்துச் சோதனைகளிலும் பெரும்பாலும் இப்படிப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். அதே அப்பா காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் ஒரு மாதிரி இருப்பார், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேறு மாதிரி இருப்பார், பேரன் வந்தால் இன்னொரு மாதிரி. இவ்வளவு ஆடுகிற மதிப்பெண்ணில், மருந்தினால் வந்த சின்ன வித்தியாசத்தைப் பிரித்தெடுப்பது லேசில்லை.

அப்புறம் வெறும் மாத்திரையின் விளைவு. மருந்தே இல்லாத மாத்திரையை மருந்து என்று நம்பிச் சாப்பிட்டாலும் பலருக்கு நன்றாக இருப்பது போலத் தோன்றும். மற்ற நோய்களிலும் இது உண்டு, பார்க்கின்சனில் ரொம்ப அதிகம். காரணமும் தெரியும். குணமாகப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பிலேயே மூளை டோபமினைச் சுரக்கிறது என்பதைக் கனடாவின் வான்கூவரில் ஸ்கேன் எடுத்து 2001-இல் காட்டினார்கள். இந்த நோயில் குறைவதே டோபமின்தானே! ஆக நம்பிக்கையே கொஞ்ச நேரம் மருந்தாகிவிடுகிறது. வெறும் மாத்திரை சாப்பிட்ட அணியோடு ஒப்பிடாமல், சின்ன சோதனை ஒன்றில் ‘நோயாளிகளிடம் நல்ல முன்னேற்றம்’ என்று ஒரு கம்பெனி அறிக்கை விட்டால், பங்கு ஒரே நாளில் பறக்கும். அதை வைத்து நீங்கள் வாங்கக் கூடாது.

ஒப்பீடு இருந்தாலும் சின்னச் சோதனை ஏமாற்றும். சர்க்கரை நோய்க்கான எக்செனடைட் ஊசியை லண்டனில் 62 பார்க்கின்சன் நோயாளிகளிடம் பார்த்து 2017-இல் நல்ல முடிவு சொன்னார்கள். உலகமே கொண்டாடியது. அதையே 194 பேரிடம் 96 வாரம் முறையாகச் செய்து 2025-இல் வெளியிட்டபோது எந்தப் பலனும் தெரியவில்லை. இதில் யாரும் பித்தலாட்டம் செய்யவில்லை. முதல் சோதனை சின்னது, அவ்வளவுதான்.

சன் குழுமக் கம்பெனி என்று உங்களிடம் சொன்னது ஸ்பார்க் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கம்பெனியாக இருக்க வேண்டும். 2007-இல் சன் ஃபார்மாவிலிருந்து ஆராய்ச்சியை மட்டும் பிரித்துத் தனிக் கம்பெனியாகப் பட்டியலிட்டார்கள். நம் ஊர் சந்தையிலேயே வாங்கலாம், பெயரிலும் சன் இருக்கிறது என்பதால் நிறைய பேர் சன் ஃபார்மாவை வாங்குவது போலவே நினைத்து வாங்கினார்கள். வோடோபாட்டினிப் என்ற மாத்திரையைத் தொடக்க நிலைப் பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்தார்கள். உண்மையிலேயே பெரிய முயற்சி, பல நாடுகளில் நடந்தது. 2024-இல் இடைக்காலக் கணக்கைப் பார்த்தபோது வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நிறுத்திவிட்டார்கள், பங்கு விலை சரிந்தது. 2025 ஜூனில் அதே கம்பெனியின் தோல் நோய் மருந்து ஒன்றும் தேறவில்லை, மறுபடி சரிந்தது. சன் ஃபார்மாவுக்கு இதெல்லாம் கால் தூசி. அந்த வீட்டில் ஆயிரம் மருந்து விற்கிறது, இந்த வீட்டில் ஆராய்ச்சி மட்டும்தான். நல்ல விஞ்ஞானிகள், நல்ல குழுமம், நியாயமான சோதனை எல்லாம் இருந்தும் நடந்தது இது. அதனால்தான் கம்பெனி நல்லதா கெட்டதா என்ற கேள்வி இங்கே அவ்வளவாக உதவாது.

‘அப்படியானால் விவரம் தெரிந்தவர்கள் எப்படிச் செய்கிறார்கள்’ என்று கேட்பீர்கள். ஆப்வி என்ற மிகப் பெரிய அமெரிக்க மருந்துக் கம்பெனி, 2023 டிசம்பரில் செரெவெல் என்ற கம்பெனியை 870 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, 2024 ஆகஸ்டில் முடித்தது. செரெவெலிடம் முக்கியமாக இரண்டு மருந்துகள். மாப்பிள்ளையாக வந்தது மனச்சிதைவு நோய்க்கான எம்ராக்ளிடின். தோழனாக வந்தது பார்க்கின்சனுக்கான டவாபடான். வாங்கி முடித்து மூன்றே மாதத்தில் மாப்பிள்ளை தோற்றார். அதற்காக மட்டும் சுமார் 350 கோடி டாலரைக் கணக்கிலிருந்து கழித்தார்கள். தோழன், மூன்றாம் கட்ட சோதனைகளில் தேறிவிட்டார். ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளை வைத்துக்கொண்டு, உள்ளேயிருக்கிற தரவுகளையெல்லாம் பார்த்துவிட்டு வாங்கியவர்களுக்கே எது ஜெயிக்கும் என்று தெரியவில்லை.

அதே ஆப்வியின் தோலடி லெவோடோபா பம்ப் மருந்தையும் பாருங்கள். மருந்தின் பலனில் குறை எதுவும் சொல்லாமல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு முறை திருப்பி அனுப்பியது. முதல் முறை பம்ப் பற்றிய விவரம் போதவில்லை, இரண்டாம் முறை ஒரு வெளி உற்பத்தியாளரின் ஆலையில் பிரச்சினை. 2024 அக்டோபரில்தான் அனுமதி வந்தது. பெரிய கம்பெனி இப்படிக் காத்திருந்து தாங்கும். கையில் பதினெட்டு மாதச் சம்பளப் பணம் மட்டும் வைத்திருக்கிற சின்னக் கம்பெனி என்ன செய்யும்? புதிதாகப் பங்குகளை வெளியிட்டு, கிடைத்த விலைக்கு விற்றுக் காலம் தள்ளும். நீங்கள் வைத்திருக்கும் நூறு பங்கு நூறாகவே இருக்கும், கம்பெனியில் உங்கள் பங்குதான் மெலிந்துகொண்டே வரும். மோரில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுகிற கதை. நானும் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் அப்படி ஒரு சின்ன பயோடெக் பங்கை வாங்கி, மருந்து தேறாமலும் தோற்காமலும் இழுத்துக்கொண்டே போக, பங்கு மட்டும் எட்டில் ஒன்றாக ஆனதைப் பார்த்தவன். ஏன் வாங்கினேன் என்றால், அதன் தலைவரின் பேட்டி ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ஆலோசகர் லட்சணம்!

அமெரிக்கப் பங்கு வாங்குகிற நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கியின் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். முதலீட்டுக்கு அனுப்புவது 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கி முன்கூட்டியே வரி பிடிக்கும், உங்கள் தொகைக்கு அது வராது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5% வரி. பலர் மறப்பது, வெளிநாட்டுச் சொத்து இருந்தால் வருமான வரிக் கணக்கில் அதற்கென்று இருக்கும் அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும் என்பதை. ஆசிரியர்கள் பெரும்பாலும் எளிமையான படிவத்தில் கணக்கைப் போட்டுவிடுவார்கள், அதில் இந்த அட்டவணையே கிடையாது. ஐயாயிரம் ரூபாய்ப் பங்குக்காகப் படிவம் மாறும், ஆடிட்டர் கட்டணம் ஏறும்.

என் கையில் அந்த எட்டு லட்சம் இருந்தால் என்ன செய்வேன்? நான்கு லட்சத்தை அப்பா பணம் என்று தனியாகப் பெயர் வைத்து வங்கி வைப்பிலும், வேண்டும்போது சீக்கிரம் எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலும் வைப்பேன். மூளைக்குள் மின்முனை வைக்கும் டிபிஎஸ் அறுவை சிகிச்சை பற்றி டாக்டர் எப்போதாவது பேச்சை எடுத்தால், பத்து லட்சத்தைத் தொடுவது சர்வ சாதாரணம், சில வகையில் சில வருடம் கழித்து பேட்டரியும் மாற்ற வேண்டும். அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே பாலிசியை எடுத்து ‘நவீன சிகிச்சைகள்’ என்ற பகுதியைப் படியுங்கள். டிபிஎஸ் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் உள்வரம்பு வைக்கலாம். ஐந்து லட்சம் பாலிசியில் இதற்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் உங்கள் பள்ளம் எத்தனை ஆழம் என்று தெரியும்.

மீதி நான்கு லட்சம் உங்களுடையது. உங்கள் ஓய்வுக்காலத்துக்கு. அதை, சந்தைக் குறியீட்டில் இருக்கும் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் பிரித்துப் போடுங்கள், நோயின் பெயரே அதில் வர வேண்டாம். எவ்வளவு சொன்னாலும் மனசு கேட்காது என்றால், நாற்பதாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. அதையும் ஒரே மருந்தை நம்பிய சின்னக் கம்பெனியில் போடாமல், பல மருந்துகள் விற்கிற கம்பெனிகளைக் கொண்ட ஃபார்மா ஃபண்டில் போடுங்கள். ஆராய்ச்சிக்கு உதவ வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். அப்பாவுக்குப் பொருந்துகிற சோதனை ஏதாவது இருக்கிறதா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள். சோதனை என்று சொல்லிவிட்டு ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் யாராவது கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, பணம் சம்பந்தமாகவே இன்னொன்று. இந்த நோயில் கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போகும். அப்பாவின் பழைய கையெழுத்தோடு இப்போதைய கையெழுத்தை வைத்துப் பாருங்கள். வங்கியில் ஒரு நாள் “மேட்ச் ஆகவில்லை” என்று காசோலையைத் திருப்பித் தருவார்கள், அந்த நாள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டிய நாளாக இருக்கும். அதற்கு முன்பே கணக்கை அம்மாவுடனோ உங்களுடனோ சேர்த்து, இருவரில் யாரும் இயக்கலாம் என்று மாற்றுங்கள். பென்ஷன் கணக்கில் அம்மாவைத்தான் சேர்க்க முடியும் என்றால் அம்மாவையே சேருங்கள். பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டால் நம் சட்டத்தில் அந்தப் பவரும் போய்விடும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். புதிய மாதிரிக் கையெழுத்து கொடுக்க அவரை வங்கிக்கு அழைத்துப் போகும்போது, காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, கை ஓடுகிற நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். மேனேஜரிடம் முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள், வரிசையில் நிற்க வைக்க மாட்டார்கள்.